உத்தமனின் பத்தியக் கேரியர்

ஸ்ரீராம்புரத்தில் உத்தமன் வீடு எங்கே என்று கேட்டால், எந்த உத்தமன் என்று திருப்பிக் கேட்பார்கள். கார்ப்பரேஷன் உத்தமன் ஒருவர் இருக்கிறார். பேண்டு செட் உத்தமன் ஒருவர் இருக்கிறார். நீங்கள் விழிப்பதைப் பார்த்து, "பிள்ளை பெத்த உத்தமனா?" என்று அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். ஆமாம் என்றால் வழியைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

சிரிப்புக்குக் காரணம் மீசை. ஐயனார் கோயில் வாசலில் நிற்க வேண்டிய மீசை அது. அந்த மீசையை வைத்துக்கொண்டு அவர் பார்க்கிற வேலை, பிள்ளை பெற்று வீட்டோடு இருக்கும் பெண்களுக்குப் பத்தியச் சமையல். விடிந்ததும் பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுக்குத் துவையல் என்று அடுக்குக் கேரியரில் கட்டுவார். டிவிஎஸ் ஃபிஃப்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு மல்லேஸ்வரம், ராஜாஜிநகர் என்று கிளம்புவார். கல்யாணச் சமையலுக்குக் கூப்பிட்டால் போக மாட்டார். ஊருக்கே வடித்துக் கொட்டுவது சுலபம், ஒருத்திக்கு வடிப்பதுதான் வித்தை என்பது அவருடைய வாதம். இதை அவர் தன்னடக்கமாகச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

ஆனால் ஒரு சங்கடம். பிள்ளை பெற்ற அறைக்குள் வெளி ஆண் போகக் கூடாது. அதனால் சமைத்துப் போட்ட பெண்களில் ஒருத்தியின் முகத்தைக்கூட உத்தமன் பார்த்ததில்லை. அறை வாசலில் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, கூரையைப் பார்த்தபடி, உப்பு உறைப்பு எப்படி இருந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். உள்ளேயிருந்து பதில் வரும். உத்தமனுக்கு வேண்டியது பதில் இல்லை, குரல். குரல் கட்டியிருந்தால் மறுநாள் மிளகு கூடும். எரிச்சலாக வந்தால் வயிறு சரியில்லை, பூண்டும் வெந்நீரும் கூடும். பேசிக்கொண்டே கொட்டாவி விட்டால் குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை, அதற்குச் சமையலில் வைத்தியம் இல்லை, பரிதாபப்பட்டுவிட்டு வந்துவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் குரல்களை எல்லாம் மனைவி கன்னியம்மாவிடம் பேசிக் காட்டுவார். அந்த மீசைக்குள்ளிருந்து மல்லேஸ்வரத்துப் பெண்ணின் மூக்கடைத்த கீச்சுக்குரல் வருவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும், கேட்கக் காது கோடி வேண்டும். கன்னியம்மா பூண்டு உரித்துக்கொண்டே, இவளுக்குச் சளி, அவளுக்குக் கோபம் என்று தீர்ப்புச் சொல்வாள். மறுநாள் சமையல் அங்கேதான் முடிவாகும்.

இந்தப் பிழைப்பு அவருக்கு வந்ததே கன்னியம்மாவால்தான். தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தகராறில் ஊர் அடைத்துக் கிடந்தபோது அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பிரசவம் பார்க்க வர வேண்டிய அவள் அம்மா, பஸ் ஓடாமல் ஓசூரிலேயே சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே ஊரடங்கு. உத்தமனோ மில் கேன்டீன் சமையல்காரர், அண்டாவில் சாம்பார் வைக்கத் தெரியும், பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாது. தமிழ்க்காரன் வீடு என்று தெருவில் யாராவது காட்டிக்கொடுத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டு கதவைச் சாத்தி வைத்திருந்தார். பின்பக்கச் சுவர் மேலாக முதலில் வந்தது ஒரு கட்டு சப்சிகிக் கீரை. நம் ஊரில் சதகுப்பை என்பார்கள், பெருஞ்சீரகச் செடி மாதிரி நூல் நூலாக இருக்கும், வாசம் தூக்கும். கொடுத்தது பக்கத்து வீட்டு முனிராஜின் சம்சாரம் ரத்னம்மா. பருப்போடு வேகவைத்துக் கொடு, பால் ஊறும் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். மறுநாள் எதிர்வீட்டு மெஹருன் பீ, பிசினை நெய்யில் பொரித்துப் பிடித்த லட்டுகளை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்தாள். மாடி வீட்டுத் தமிழம்மா சுக்கும் திப்பிலியும் இடித்துக் கொடுத்தாள். மூன்றையும் உத்தமன் ஒரே தட்டில் வைத்தார். கன்னியம்மா மூன்றையும் தின்றாள். பிள்ளை கொழுகொழுவென்று ஆனது.

எது வேலை செய்தது என்று உத்தமனுக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததால்தான் மூன்றையும் விடாமல் வைத்துக்கொண்டார். மில்லை மூடியபோது அதுவே தொழிலானது. ரெட்டி வீடோ, பாய் வீடோ, முதலியார் வீடோ, எந்த வீட்டுப் பாஷையோ அந்தப் பாஷையில் பேசி, அந்த வீட்டுப் பத்தியத்தைச் சமைப்பார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாக்கையும் மாற்றிக்கொள்வார் என்று கன்னியம்மா கேலி செய்வாள். தமிழம்மா எது கேட்டாலும் "ஆகட்டும்மா". கன்னடத்தம்மா எது கேட்டாலும் "ஆய்தம்மா". இல்லை என்ற சொல் அவர் வாயில் எந்தப் பாஷையிலும் வந்ததில்லை. அதுதான் ராஜாஜிநகரில் வினையாக முடிந்தது.

ராஜாஜிநகர் வீடு ஹரிஷ்குமாருடையது. பையன் கடலூர்க்காரன், கம்ப்யூட்டர் கம்பெனி. அதே கம்பெனியில் வேலை பார்த்த மண்டியாப் பெண் வீணாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டான். கல்யாணத்தில் இரண்டு குடும்பமும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், பாஷை தெரியாததால் சண்டை வரவில்லை. பிள்ளை பிறந்ததும் கடலூரிலிருந்து மாமியார் ஜெயலட்சுமி வந்து ஒரு படுக்கையறையைப் பிடித்தாள். மண்டியாவிலிருந்து அம்மா சந்திரம்மா வந்து, மகளும் பேரனும் இருந்த இன்னொரு அறையைப் பிடித்தாள். ஹரிஷ் ஹாலில் பாயைப் போட்டான். சமையலறை யாருக்கு என்ற கேள்வி வந்தபோதுதான், வெளியாள் ஒருவர் சமைத்துக் கொண்டுவந்தால் வம்பில்லை என்று உத்தமனைத் தேடிப் பிடித்தான்.

உத்தமனுக்கு அந்த வீடு ஒரு பெருமை. இரண்டு ஊர்ப் பத்தியமும் ஒரே கேரியரில். மேல் தட்டில் கடலூர் முறைப்படி பால்சுறாக் கருவாட்டுப் புட்டு, அடுத்த தட்டில் மண்டியா முறைப்படி சப்சிகி போட்ட பருப்பு, அதன் கீழே இரண்டு ஊருக்கும் பொதுவான மிளகு ரசம், சோறு. கேரியரை அடுக்கிவிட்டுக் கன்னியம்மாவிடம் தட்டித் தட்டிக் காட்டினார், ஏதோ விதான சௌதாவைக் கட்டி முடித்தவர் மாதிரி.

முதல் வாரத்திலேயே ஜெயலட்சுமி அவரைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கீரை குடுத்தா கொழந்தைக்குப் பச்சையாப் போவும். இவங்க ஊர்ல என்னமோ பண்றாங்க. நான் சொன்னா சண்டையாயிடும், நீங்களே நிறுத்திடுங்க."

நிறுத்தினால் சந்திரம்மா விடுவாளா. உத்தமன் மீசையைத் தடவி ஒரு வழி கண்டுபிடித்தார். "அனுப்புறத அனுப்பிடறேம்மா. நீங்க பாத்து எடுத்து வெச்சிடுங்க. அவங்க மனசு எதுக்கு நோவணும்."

மறுநாள் சந்திரம்மா அவரைப் பால்கனிக்குக் கூப்பிட்டாள். காய்ந்த மீன் பிள்ளை பெற்றவளுக்கு நஞ்சு, தையல் போட்ட இடம் ஆறாது என்றாள். உத்தமன் நாக்கை மாற்றிக்கொண்டு அதே யோசனையைக் கன்னடத்தில் சொன்னார். "பேடாந்தரெ தெகெது இட்பிடி அம்மா." வேண்டாமென்றால் எடுத்து வைத்துவிடுங்கள். சந்திரம்மாவுக்குத் திருப்தி. ஜெயலட்சுமிக்குத் திருப்தி. உத்தமன் வண்டியை உதைத்துக் கிளப்பும்போது விசிலடித்ததாகக் காவல்காரர் பிற்பாடு சொன்னார்.

கேரியர் தினமும் துடைத்துவிட்ட மாதிரி காலியாகத் திரும்பி வந்தது. ஆனால் திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல் சரியில்லை. முதலில், "சென்னாகிதெ அண்ணா, ரொம்ப நல்லா இருக்கு, ரசம் மாத்திரம் இன்னும் கொஞ்சம் வைங்க" என்று வாய்நிறைய வந்தது. பிறகு, "நல்லா இருந்தது அண்ணா" என்று சுருங்கியது. அப்புறம் "ம்" ஆனது. உத்தமன் அந்த "ம்" சத்தத்தை வீட்டில் செய்து காட்டினார். கன்னியம்மா பூண்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது சாப்ட்ட பொண்ணோட கொரலா?" என்று கேட்டாள்.

"கேரியர் காலியா வருதே."

"கேரியரக் கேக்கல. பொண்ணக் கேக்கறேன்."

உத்தமன் மறுநாள் இரண்டு மடங்கு சமைத்துக் கட்டினார். அதுவும் காலியாக வந்தது. குரல் மட்டும் ஏறவில்லை.

சனிக்கிழமை ஹரிஷ் கேட்டுக்குப் பக்கத்திலேயே அவரை மடக்கினான். கண் சிவந்திருந்தது. டாக்டரம்மாவிடம் போய்விட்டு வந்திருக்கிறார்கள். குழந்தை எடை ஏறவில்லை, தாய்க்கு உடம்பு வற்றிக்கிடக்கிறது, பால் போதவில்லை. நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள், திங்கட்கிழமை எடை போட்டுப் பார்த்துவிட்டு டப்பாப் பால் ஆரம்பிக்கலாமா என்று முடிவு செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வீணா வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாளாம். எல்லாப் பெண்களுக்கும் வருவது தனக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறாளாம். எப்படியாவது தானே பாலூட்ட வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

"கேரியர் நெறைய வருது, காலியாப் போகுது. அப்புறம் எப்படிண்ணா?" என்றான் ஹரிஷ். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தாலாவது உத்தமன் கோபப்பட்டுத் தப்பித்திருப்பார்.

அவர் மேலே போனார். இரண்டு அம்மாக்களும் தண்ணீர் விஷயமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு ஊதிவிடும், நாக்கு நனைய ஒரு வாய் போதும் என்பது ஜெயலட்சுமியின் கட்சி. சந்திரம்மாவின் கட்சியும் அச்சு அசல் அதுவே. தண்ணீர் விடக் கூடாது என்ற ஒரே விஷயத்தில் இரண்டு மாநிலமும் ஒற்றுமையாக இருந்தது அந்த வீட்டில் மட்டும்தான்.

உத்தமன் கேரியரை மேசையில் வைத்துவிட்டு நின்றார். சந்திரம்மா பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், நேற்று அந்த மீன் புட்டில் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி, இன்றைக்குப் பார்த்துப் போட்டாயா என்று கன்னடத்தில் கேட்டாள். சரியம்மா என்று வாய் சொல்லிவிட்டது. அப்புறம்தான் மண்டையில் ஏறியது. மீன் நஞ்சு என்றவளுக்கு மீனின் உப்பு எப்படித் தெரியும்?

அவர் மெல்ல நகர்ந்து ஜெயலட்சுமி பக்கம் போனார். சும்மா இருக்கவில்லை, தூண்டில் போட்டார். கீரைப் பருப்பை நாளையிலிருந்து நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார். ஜெயலட்சுமி திரையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நிறுத்த வேணாம், வர்றது வரட்டும். தேங்கா மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க" என்றாள்.

உத்தமன் அப்போதுதான் இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்தார். கடலூரம்மாவின் கன்னம் மெருகேறியிருந்தது. மண்டியா அம்மாவின் ரவிக்கை தோளில் இறுகியிருந்தது. பிள்ளை பெற்றவளுக்குச் சேர வேண்டிய தெம்பெல்லாம் இரண்டு சம்பந்திகளிடமும் சேர்ந்திருந்தது. எடுத்து வைத்த சாப்பாட்டைக் குப்பையில் கொட்ட யாருக்குத்தான் மனசு வரும். ஒருத்தி மீனை எடுத்திருக்கிறாள், இன்னொருத்தி கீரையை எடுத்திருக்கிறாள். மிச்சம் இருந்தது சோறும் மிளகு ரசமும். குடிக்க ஒரு வாய்த் தண்ணீர். அந்தப் பெண் அதைத் தின்றுதான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றும் தெரியாதவர் மாதிரி அன்றைக்கு அவர் கிளம்பியிருக்கலாம். அடுத்த நாளிலிருந்து கண்கொத்திப் பாம்பாக நின்று கேரியரை உள்ளே அனுப்பியிருக்கலாம். பெயர் கெட்டிருக்காது. அவர் செருப்பு வரைக்கும் போய், திரும்பி ஹாலுக்கு நடுவே வந்து நின்றார். இரண்டு அம்மாவும் ஹரிஷும் இங்கே வரணும் என்றார். அந்தக் குரலை அதுவரை அந்த வீடு கேட்டதில்லை. மீசைக்குப் பொருத்தமான குரல் அது.

"எடுத்து வெச்சிடுங்கன்னு உங்ககிட்ட சொன்னது நான்தான்" என்று ஜெயலட்சுமியிடம் தமிழில் சொன்னார். திரும்பி, அதையே சந்திரம்மாவிடம் கன்னடத்தில் சொன்னார். "ரெண்டு பேர்கிட்டயும் நல்ல பேர் வாங்கப் பாத்தேன். உள்ள இருக்கற பொண்ணு பட்டினி."

ஜெயலட்சுமி மெதுவாகச் சம்பந்தியைப் பார்த்தாள்.

"எங்க சுறாப் புட்ட நீங்களா சாப்ட்டீங்க?"

சந்திரம்மாவுக்கு அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "சொப்பு நீவு திந்த்ரா?" என்று பதிலுக்குக் கேட்டாள். கீரையைத் தின்றது நீங்களா?

திரைக்குப் பின்னாலிருந்து வீணாவின் குரல் வந்தது. அழுகையா சிரிப்பா என்று உத்தமனாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அம்மா மீனை எடுத்ததும் அத்தைக்குச் சொல்லாதே என்றாள், அத்தை கீரையை எடுத்ததும் அம்மாவுக்குச் சொல்லாதே என்றாள், பாணந்தனம் என்றால், பிள்ளை பெற்றுப் பத்தியம் இருப்பது என்றால், பசியாகத்தான் இருக்கும்போல என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன் என்றாள். ஹரிஷ் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். இரண்டு அம்மாக்களும் புடவைத் தலைப்பைத் தேடினார்கள்.

மீன் நல்லதா, கீரை நல்லதா என்று உத்தமன் பேசவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் திங்கட்கிழமை வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். ஒரே ஒரு சட்டம் போட்டார்.

"எது வேணாலும் எடுங்க. எடுத்த எடத்துல அதுக்கு ஈடா வேற ஒண்ண வைக்கணும். ரெண்டு பேரும் பாக்க வைக்கணும். தட்டு காலியா உள்ள போகக் கூடாது."

உங்கள் இருவருக்கும் தனியாக ஒரு சின்ன டப்பா கொண்டுவருகிறேன் என்றும் சொன்னார். மண்டியா அம்மாவுக்குச் சுறாப் புட்டு, கடலூரம்மாவுக்குக் கீரைப் பருப்பு, தேங்காய் தூக்கலாக. இருவரும் அதற்கு மறுப்புச் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தார்கள்.

பாக்கி இருந்தது தண்ணீர். கஷாயம் என்று சொல்லி ஃப்ளாஸ்கில் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்துவிடலாம் என்று பழைய புத்தி உள்ளே குறுகுறுத்தது. அதை அடக்கிக்கொண்டு, டாக்டரம்மா கொடுக்கச் சொன்னது தண்ணீர்தான், சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துக் கொண்டுவருகிறேன், ஆனால் அது தண்ணீர்தான் என்று இரண்டு பாஷையிலும் உடைத்துச் சொன்னார். ஜெயலட்சுமி யோசித்து, சீரகம் போட்டால் வாயு வராது, சரி என்றாள். சந்திரம்மா சும்மா ஒத்துக்கொள்வாளா, ஓமமும் போடு என்றாள். ஆளுக்கு ஒரு கைப்பிடி போட இடம் கிடைத்ததும் அந்த வீட்டில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெயலட்சுமி சட்டப்படி சப்சிகியை எடுத்தாள், ஈடாக முருங்கைக்கீரைப் பொரியலை வைத்தாள். முருங்கைக்கீரை மட்டும் கீரை இல்லையா அத்தை என்று உள்ளேயிருந்து வீணா கேட்டாள். "அது மரத்துல வர்றதும்மா, இது தரையில மொளைக்கறது" என்று ஜெயலட்சுமி சொன்ன பதிலுக்கு உத்தமன் கூரையைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தார். சந்திரம்மா மீனை எடுத்து, ஈடாக ஆட்டுக்கால் சூப்பை வைத்தாள். சூப்பைப் பார்த்த ஜெயலட்சுமி, நாம் மட்டும் ஒரு பொரியலோடு நிறுத்துவதா என்று பூண்டு லேகியத்தை எடுத்து வந்தாள். லேகியத்தைப் பார்த்துச் சந்திரம்மா கொப்பரையும் வெல்லமும் இடித்த உருண்டையை இறக்கினாள். உத்தமன் தன் பங்குக்கு, மெஹருன் பீ வீட்டுப் பிசின் லட்டு ஒன்றையும் ஓரமாகச் சேர்த்தார். சாயங்காலத்துக்குள் போட்டி முற்றி, எடுத்த மீனும் எடுத்த கீரையும்கூடத் தட்டுக்குத் திரும்பியிருந்தன. எதையும் எடுப்பதற்கு இருவருக்கும் நேரமில்லை. வீணா எல்லாவற்றையும் தின்றாள். தின்றுவிட்டுத் தூங்கினாள். குழந்தை அழுதது, குடித்தது, அதுவும் தூங்கியது.

திங்கட்கிழமை உத்தமன் மற்ற வீடுகளை எல்லாம் அவசர அவசரமாக முடித்துக்கொண்டு ராஜாஜிநகருக்கு வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஆட்டோ வந்து நின்றது. ஹரிஷ் இறங்கியதும் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். எடை ஏற ஆரம்பித்திருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் ஏறியிருக்கிறது. டப்பாப் பால் இப்போதைக்கு வேண்டாம், இதே மாதிரி சாப்பிட வையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள், வியாழக்கிழமை மறுபடி வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீணா துப்பட்டாவால் தலையை மூடியபடி பிள்ளையோடு இறங்கினாள். உத்தமன் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

மேலே போனதும் ஜெயலட்சுமி படிக்கட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினாள். சுறாதான் வேலை செய்தது, அவங்களுக்கு எதிர்ல சொல்ல வேணாம் என்று காதோடு சொல்ல ஆரம்பித்தாள். அதே நேரம் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சந்திரம்மா கை அசைத்தாள். அவள் வாய் சப்சிகி என்று அசைவது இங்கேயிருந்தே தெரிந்தது. ஆகட்டும்மா என்று சொல்ல நாக்கு பழக்கத்தில் புரண்டது. உத்தமன் அதை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு நடுவே வந்தார்.

"எதுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார், இருவருக்கும் கேட்கிற மாதிரி. அதையே கன்னடத்திலும் சொன்னார். "என் சம்சாரத்துக்குப் பண்ணப்பவும் தெரியாது, இப்பவும் தெரியாது. தெரியற வரைக்கும் ரெண்டும் வரும்."

இரண்டு பேருக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த மனுஷனுக்கு என்ன தெரியும் என்று ஜெயலட்சுமி தமிழில் முணுமுணுத்தாள். இவனுக்கு என்ன தெரியும் என்று சந்திரம்மா கன்னடத்தில் முணுமுணுத்தாள். அதற்குள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து வீணா கூப்பிட்டாள், பக்கத்து ஃபிளாட்டுக்கே கேட்கிற மாதிரி.

"அண்ணா, பேச்செல்லாம் ஆமேல, அப்புறம் பேசிக்கலாம். கேரியரை முதல்ல உள்ளே அனுப்புங்க."

கேரியரின் கைப்பிடியை ஜெயலட்சுமி ஒரு பக்கம் பிடித்தாள், சந்திரம்மா இன்னொரு பக்கம் பிடித்தாள். யார் கொண்டுபோவது என்று அவர்கள் முடிவுக்கு வருவதற்குள் உத்தமன் வண்டியை எடுத்துவிட்டார்.